இறந்தவர் துப்பறியும் நகரம்

கொழும்பை வைத்து ஒரு கொலைமர்மக் கதை எழுத உட்காருகிறவருக்கு ஆரம்பத்திலேயே ஒரு சிக்கல் வந்து நிற்கும். இந்த ஊரில் கொன்றது யார் என்பது பெரும்பாலும் ஊருக்கே தெரியும். தெருமுனைத் தேநீர்க்கடைக்காரருக்குத் தெரியும், செத்தவரின் தாய்க்குத் தெரியும், பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டை எழுதிக்கொள்கிறவருக்கும் தெரியும். கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஒரு ஹோலில் இருத்திவைத்துத் துப்பறிவாளர் விரல் நீட்டிக் காட்டுவதற்கு இங்கே ஒன்றும் மிச்சமிராது. தெரிந்ததை யார் வாய்விட்டுக் கேட்பது, கேட்டவர் அடுத்த கிழமை தன் வீட்டில் இருப்பாரா என்பதுதான் இங்கே எஞ்சியிருக்கும் மர்மம்.

ஷெஹான் கருணாதிலக இதற்கு ஒரு வழி கண்டார். துப்பறிகிறவனை முதல் பக்கத்திலேயே சாகடித்துவிட்டார். ‘த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா’ நாவலின் நாயகன் ஒரு போர்க்களப் புகைப்படக்காரன். 1990ஆம் ஆண்டுக் கொழும்பில் கண் விழிக்கும்போது அவன் செத்துவிட்டிருக்கிறான். எப்படிச் செத்தான், யார் கொன்றார்கள் என்று அவனுக்கு நினைவில்லை. உடல் பேரை வாவியில் கிடக்கிறது. ஏழு நிலவுகள், அதாவது ஏழு இரவுகள், அவனுக்குத் தவணை. அதற்குள் தன்னைக் கொன்றவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும்; கட்டிலுக்குக் கீழே பெட்டியில் ஒளித்து வைத்த புகைப்படங்களை உயிரோடிருக்கும் இரண்டு நண்பர்கள் எடுத்து வெளியே கொண்டுவரச் செய்ய வேண்டும். செத்தவனை மிரட்ட முடியாது, வானில் ஏற்றிப் போக முடியாது. இந்த ஊரில் பயமில்லாமல் கேள்வி கேட்கக்கூடிய ஒரே துப்பறிவாளன் அவன்தான். 2020இல் இந்தியாவில் ‘சட்ஸ் வித் த டெட்’ என்ற பெயரில் வந்த நாவலையே திருத்தி எழுதி, இலண்டனில் ஒரு சிறிய பதிப்பகம் வெளியிட, 2022 ஒக்டோபர் 17 அன்று அதற்குப் புக்கர் பரிசு கிடைத்தது.

பரிசு கிடைத்த நாட்களில் நாவலின் அரசியலைப் பற்றி நிறைய எழுதினார்கள். எனக்கு இன்னொன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதிருந்தே எண்ணம். இது கொழும்பின் மேல் கொண்ட காதலில் எழுதப்பட்ட புத்தகம். ஹெவ்லொக் டவுனில் ஒரு தொடர்மாடியில் குடியிருந்துகொண்டு இதை வாசிக்கிற ஒருவருக்கு அந்தக் காதல் வரிக்கு வரி விளங்கும். காலி முகத்திடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் கோல்ஃபேஸ் கோர்ட் என்ற பழைய கட்டடம், கசீனோ மேசைகள், வாவியின் நாற்றம், பஸ் கூரைகளில் உட்கார்ந்து போகும் ஆவிகள் என்று எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஒரு ஊரை நேசிக்கிறவர் அதன் விலாசங்களைத் தப்பில்லாமல் சொல்வார். கருணாதிலக அந்த விலாசங்களில் செத்தவர்களையும் குடிவைத்துவிட்டார். நாவலின் மறுலோகம் ஒரு அரசாங்கக் கந்தோர். வரிசை, கவுண்டர், படிவம், எரிச்சலோடு பதில் சொல்லும் உத்தியோகத்தர்கள். பத்தரமுல்லையிலோ நாரஹேன்பிட்டியிலோ ஏதாவது ஒரு திணைக்களத்தில் காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்றவர் எவருக்கும் அந்த மறுலோகத்தில் வழி கேட்கத் தேவையிராது.

அவருடைய முதல் நாவலும் ஒரு தேடல்தான். ‘சைனாமன்’ நாவலில், சாகக் கிடக்கும் ஒரு குடிகார விளையாட்டுப் பத்திரிகையாளர், பிரதீப் மெத்யூ என்ற தமிழ்ச் சுழற்பந்து வீச்சாளர் எங்கே மறைந்துபோனார் என்று தேடி அலைகிறார். மறைந்துபோன தமிழன் ஒருவனைச் சாகப் போகிற சிங்களவர் ஒருவர் தேடும் கதை அது. இரண்டாவது நாவலில் தேடுகிறவர் செத்தே போகிறார். இரண்டிலும் ஊர் ஒன்றுதான், கேள்வியும் ஒன்றுதான்: அந்த ஆள் எங்கே?

*

கொழும்பிலும் ஒரு காலத்தில் மரபான மர்மக்கதை நடந்தது. 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி, பம்பலப்பிட்டி சென் அல்பன்ஸ் பிளேஸில் ஒரு வீட்டில், மகாதேவ சதாசிவத்தின் மனைவி கொலையுண்டு கிடந்தார். சதாசிவம் சாதாரண ஆளல்ல. இலங்கை, மலாயா, சிங்கப்பூர் என மூன்று நாட்டு அணிகளுக்குத் தலைமை தாங்கிய துடுப்பாட்டக்காரர். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம். வீட்டு வேலைக்காரர் அரச தரப்புச் சாட்சியானார். வழக்கு முழுவதும் ஒரு மணிக்கணக்கில் வந்து நின்றது: அந்தப் பெண் இறந்தது சதாசிவம் வீட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன்பா, பின்பா? பேராசிரியர் டி சேரம் உடலின் வெப்பநிலையை வைத்துச் சாட்சி சொன்னார். எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித் வந்து எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொன்னார். கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். 1953 ஜூனில் ஜூரிமார் சதாசிவத்தை விடுவித்தார்கள். எழுபது வருடம் கழித்தும் கொழும்பின் பழைய ஆட்கள் இதைப் பேசுகிறார்கள். பேசும்போது அவர்கள் குரலில் வருகிற உற்சாகத்தைக் கவனித்திருக்கிறேன். அது, விடை தெரியாத கேள்வி ஒன்றை நீதிமன்றம் உண்மையாகவே தேடிய ஒரு காலத்தைப் பற்றிய உற்சாகம். பிரேதப் பரிசோதனை, குறுக்கு விசாரணை, ஜூரி என்று அந்த இயந்திரம் முழுக்க ஓடியது.

நாற்பது வருடத்துக்குள் எல்லாம் தலைகீழானது. 1990 பெப்ரவரி 18 அதிகாலை, பத்திரிகையாளரும் நடிகருமான ரிச்சர்ட் டி சொய்சாவை ராஜகிரியவில் அவருடைய வீட்டிலிருந்து ஆயுததாரிகள் இழுத்துப் போனார்கள். அடுத்த நாள் மொரட்டுவைக் கடற்கரையில் உடல் ஒதுங்கியது. தாய், டொக்டர் மனோராணி சரவணமுத்து, வீட்டில் கண் முன்னே நின்றவர். பிற்பாடு தொலைக்காட்சியில் ஒரு பொலிஸ் அதிகாரியைக் கண்டு, வந்தவன் இவன்தான் என்று சொன்னார். அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அவரோ தென்னிலங்கையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பல்லாயிரம் சிங்களத் தாய்மாரைச் சேர்த்துக்கொண்டு தாய்மார் முன்னணியின் முன்னால் நடந்தார். ஒரு கொழும்புத் தமிழ்ப் பெண், கிராமத்துச் சிங்களத் தாய்மாரின் தலைவியாக நின்ற அந்தக் காட்சியை நம்முடைய எழுத்துகள் இன்னும் போதிய அளவு நினைவுகூரவில்லை. 2005 நவம்பரில், குற்றம் சாட்டப்பட்ட மூன்று பொலிஸாரும் விடுதலையானார்கள். அதைக் கேட்க அந்தத் தாய் உயிரோடு இருக்கவில்லை.

மாலி அல்மேதாவை உருவாக்க ரிச்சர்டின் கதை தூண்டுதலாக இருந்ததைக் கருணாதிலக மறைத்ததில்லை. நாவலில் மறுலோகக் கவுண்டரில் இருந்து ஆவிகளுக்கு வழிகாட்டும் டொக்டர் ராணி ஸ்ரீதரனும் நமக்குத் தெரிந்தவர்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் படிப்பித்த ராஜனி திராணகம, ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர்களில் ஒருவர், 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது சுடப்பட்டவர். அவரைச் சுட்டது யார் என்பதும் ஊருக்குத் தெரியும். இந்த இடத்தில் தமிழ் வாசகர் புத்தகத்தைச் சற்று மூடி வைத்துவிட்டு யோசிக்க வேண்டியிருக்கிறது. நம்முடைய கையாலும் செத்தவர்கள் அந்தக் கவுண்டரில் உத்தியோகம் பார்க்கிறார்கள். அவர்களிடம் வரிசையில் போய் நிற்க வேண்டியவர்களில் நாமும் இருக்கிறோம்.

*

மேற்கே ஒக்டோபர் பிறந்தால் பேய்க்காலம். கொழும்பிலும் இப்போது ஹோட்டல்களில் பூசணிக்காய் வெட்டி வைத்துக் கொண்டாடுகிறார்கள். காலநிலையும் ஒத்துழைக்கத்தான் செய்கிறது. இரண்டு மொன்சூன்களுக்கும் இடைப்பட்ட அந்த மாதத்தில் பின்னேரம் மூன்று மணிக்கே வானம் கறுத்து, இடி முழங்கி, ஹெவ்லொக் வீதியில் வெள்ளம் நிற்கும். நவம்பர் 2ஆம் திகதி கத்தோலிக்கர்கள் மரித்தவர்களின் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். கொட்டாஞ்சேனைக் குடும்பங்கள் மாதம்பிட்டிக்கும், மற்றவர்கள் பொரளைக் கனத்தைக்கும் பூவோடு போவார்கள்.

ஆனால் கொழும்புத் தமிழருக்குப் பேய்க்காலம் ஆடி. யூலை நடுவில் தொடங்கி ஓகஸ்ட் நடுவரை. இந்த நகரம் இரண்டு பஞ்சாங்கங்களில் நாள் எண்ணுகிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி போயா விடுமுறை, அன்று இறைச்சிக்கடை பூட்டு, சாராயக்கடை பூட்டு. தமிழரோ இறந்தவருக்காக அமாவாசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிலவை எண்ணி ஒரு பேய்க்கதை சொல்ல வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றுவதற்கு இதைவிடப் பொருத்தமான நகரம் கிடையாது.

ஆடியில் ஹெவ்லொக் டவுன் பக்கம் நடந்தால், மயூரபதி அம்மன் கோவிலில் ஆடிப்பூர விழா நடக்கும். சிவப்பும் மஞ்சளும் உடுத்த பெண்கள் பால்குடத்தோடு தெருவை நிறைப்பார்கள். அங்கிருந்து ஹெவ்லொக் வீதி வழியாக வடக்கே நடந்தால் இசிப்பத்தனாராமய விகாரை வரும். இதுவும் ஒரு ஆவியின் வீடு என்றுதான் எனக்குத் தோன்றும். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது பிரித்தானியர் இராணுவச் சட்டத்தைப் போட்டு, கொழும்பு நகரக் காவற்படையில் அதிகாரியாயிருந்த ஹென்றி பேதிரிஸ் என்ற பணக்கார வீட்டு இளைஞரை யூலை 7ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் சுட்டுக் கொன்றார்கள். மகனின் நினைவாகத் தகப்பன் கட்டிய விகாரை அது. பக்கத்து விளையாட்டரங்குக்கும் ஹென்றியின் பெயர்தான். அவர் சுடப்பட்டபோது இருந்த நாற்காலியை இரத்தக் கறையோடு மற்றக் கைதிகளின் அறைகளுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள் என்ற கதை இன்னும் சொல்லப்படுகிறது. இலண்டனுக்குப் போய்ச் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியவர் பொன்னம்பலம் இராமநாதன். திரும்பி வந்தபோது அவருடைய வண்டியைக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மனிதர்களே இழுத்தார்கள். இந்தக் கதையை நாம் பெருமையோடு பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அந்தக் கலவரத்தில் அடிபட்டதும் கடை எரிந்ததும் செத்ததும் முஸ்லிம்கள். அவர்களுக்கு ஹெவ்லொக் டவுனில் விகாரையும் இல்லை, அரங்கும் இல்லை. இராமநாதன் அவர்களுக்காக ஒரு சொல்லும் பேசாததை முஸ்லிம்கள் மறக்கவும் இல்லை. ஒரு தெருவில் ஒரு ஆவிக்கு மாளிகை கட்டியிருந்தால், அதே தெருவில் இடமில்லாமல் அலைகிற மற்ற ஆவிகளையும் தேட வேண்டும். கருணாதிலகவின் நாவல் எனக்குப் பழக்கிவிட்ட பார்வை இது.

அதே வெலிக்கடையில் 1983 யூலை 25, 27ஆம் திகதிகளில் ஐம்பத்து மூன்று தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள்.

1983 கலவரத்தின் தொடக்கம் ஒரு மயானத்தில். யூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கொல்லப்பட்ட பதின்மூன்று சிப்பாய்களின் உடல்களைக் கொழும்புக்குக் கொண்டுவந்து கனத்தையில் ஒன்றாகப் புதைப்பதென்று முடிவு செய்தார்கள். 24ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், குழி வெட்டியாயிற்று, உடல்கள் வரவில்லை, சனம் சேர்ந்துகொண்டே போனது. இருட்டிய பிறகு அந்தக் கூட்டம் பொரளைச் சந்திக்குள் இறங்கியது. அன்றிரவு முழுநிலவு. மறுநாள் நெருப்பு வெள்ளவத்தைக்கும் வந்தது. வந்தவர்கள் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த வீடு தமிழ் வீடு என்று அரசாங்கம் அச்சடித்த பட்டியலைப் பார்த்து வந்தார்கள்.

பொரளை பஸ் நிறுத்தத்தில், நிர்வாணமாக்கப்பட்டுக் குந்தியிருக்கும் ஒரு தமிழ் இளைஞன். எதிரே காலைத் தூக்கி ஆடுகிறாற்போல் நிற்கும், சிரித்த முகத்துடன் ஒருவன். அந்தப் புகைப்படத்தைப் பார்க்காத ஈழத் தமிழர் அரிது. எடுத்தவர் சந்திரகுப்த அமரசிங்க, சிங்களவர், ‘அத்த’ பத்திரிகைக்காரர். மாலியின் கட்டிலடிப் பெட்டியிலும் 83இன் படங்கள் இருக்கின்றன. நாவலாசிரியர் தம் நாயகனைப் படமெடுக்கிறவனாக வைத்ததன் நியாயம் எனக்கு இங்கேதான் பிடிபட்டது. சிரித்துக்கொண்டு நிற்கிறவன் முகம் தெளிவாகத் தெரிகிறது. படத்தைப் பார்த்த யாரும் கொலைகாரன் யார் என்று கேட்கத் தேவையில்லை. அவனை யாராவது தேடிப் போனார்களா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

*

நாவலில் ஆவிகளுக்கு ஒரு விதி உண்டு. காற்றில் ஏறிப் போகலாம். ஆனால் நினைத்த இடமெல்லாம் போக முடியாது. தன் உடல் போன இடங்களுக்குப் போகலாம். எங்காவது யாராவது தன் பெயரைச் சொன்னால் அங்கே போகலாம். வாசித்தபோது கதைக்கு வசதியான ஒரு ஏற்பாடு என்று நினைத்துக் கடந்தேன். பிறகு எங்கள் தொடர்மாடியில் ஒரு ஆடி அமாவாசைக்கு நடந்ததைப் பார்த்தபோது அந்த விதி வேறு கனத்தோடு திரும்பி வந்தது.

யாழ்ப்பாணத்தார் வழக்கத்தில் தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசையில் விரதம் இருப்பார்கள், தாய் இல்லாதவர்கள் சித்திரா பௌர்ணமியில். ஊரிலென்றால் கீரிமலை. கொழும்பிலென்றால் முகத்துவாரத்துக் கடலில் தீர்த்தமாடித் தர்ப்பணம் கொடுப்பார்கள். அதற்கு முன்னைய நாட்களில் வெள்ளவத்தைச் சந்தையில் காத்தோட்டிக்காய் வந்துவிடும். வருடம் முழுக்க யாரும் தேடாத கைப்புக் காய். அன்றைய படையலுக்கு அது வேண்டும். பழைய பேப்பரில் சுருட்டித் தருவார்கள். சமைத்ததெல்லாம் வாழையிலையில் படைத்து, முதற்பிடியை பல்கனிச் சுவரில் வைத்துக் காகத்தைக் கூப்பிட்டால், கடற்கரைப் பக்கத்துக் காகங்கள் ஒவ்வொரு மாடியாக வந்து இறங்கும்.

எங்களுக்கு மேல் மாடியில் ஒரு தாயும் மகளும். போர் உச்சத்தில் இருந்த நாட்களில் தகப்பனை ஒரு வெள்ளை வானில் வந்தவர்கள் ஏற்றிப் போய்விட்டார்கள். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. மகள் அப்போது கைக்குழந்தை. இப்போது வளர்ந்த பிள்ளை. சந்தையால் வந்த என் பையில் காத்தோட்டிக்காயைப் படிக்கட்டில் கண்டுவிட்டு, தாயைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

“அம்மா, இந்த முறை நான் அப்பாவுக்கு விரதம் பிடிக்கட்டே?”

“கொப்பர் செத்ததெண்டு ஆர் உனக்குச் சொன்னது?”

கோபத்தில் வந்த குரல் இல்லை அது. உண்மையாகவே தகவல் கேட்கிற குரல். பிள்ளை ஒன்றும் சொல்லாமல் மேலே ஏறிப் போனாள். தாய் என்னிடம் மெல்லச் சொன்னார்: “தம்பி, இவள் விரதம் பிடிச்சால் நாங்களே அவரை முடிச்ச மாதிரி. பிடிக்காட்டில், ஒருவேளை அவர் இல்லையெண்டால், பட்டினியா நிப்பாரெல்லே? நீங்களே சொல்லுங்கோ, நான் என்ன செய்யிறது?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. யாரிடமும் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அரசாங்கம் 2016இல் இதற்கு ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. காணாமற்போனவர் இறந்துவிட்டார் என்று எழுதாமல், அவர் இல்லை என்று மட்டும் உறுதிப்படுத்துகிற ஒரு சான்றிதழ் குடும்பத்துக்கு வழங்கலாம். அதை வைத்து வங்கிக் கணக்கைத் திறக்கலாம், உதவித்தொகை கேட்கலாம். நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட காரியம்தான். ஆனால் அந்தச் சான்றிதழை வாங்கிக்கொண்டு ஆடி அமாவாசை அன்று காகத்தைக் கூப்பிடுவதா வேண்டாமா என்பதற்குப் படிவத்தில் இடமில்லை. காணாமற்போனோர் அலுவலகமும் அமைத்தார்கள். 2017 பெப்ரவரி 20 தொடக்கம் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரத்தில் இருக்கிறார்கள், பிறகு வவுனியாவிலும் மற்ற ஊர்களிலும். கையில் படம், வாயில் பிள்ளையின் பெயர். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே செத்துப்போனார்கள். நாவலின் விதிப்படி, அவர்கள் சொன்ன ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளைகள் காற்றில் ஏறி அங்கே வந்திருக்க வேண்டும். நான் அதை நம்புகிறேனா என்று கேட்டால், அந்தத் தாய்மார் நம்புகிறார்கள் என்பது எனக்குப் போதும்.

2009இல் போர் முடிந்து, எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணிக்கைச் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், செத்தவர்களே வந்து சொன்னால் என்ன என்ற எண்ணம் தமக்கு வந்ததாகக் கருணாதிலக சொல்லியிருக்கிறார். 2009ஐ நேராக எழுதாமல் இருபது வருடம் பின்னே போய் 1989, 90ஐ எடுத்துக்கொண்டதற்கும் காரணம் சொன்னார்: அந்தக் காலத்து வில்லன்கள் பெரும்பாலும் செத்துவிட்டார்கள், எழுத்தாளருக்கு ஆபத்துக் குறைவு. இதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. அவர் எழுதிய அளவுக்குத் துணிந்து எழுதியவர்கள் குறைவு. ஆயினும் ஒரு வெறுமை இருக்கிறது. அவருடைய தமிழர்கள் அமைச்சர், அமைச்சர் மகன், பேராசிரியை. கொழும்பு ஏழின் ஆங்கிலம் பேசுகிற தமிழர். வெள்ளவத்தையின் இருட்டு லொட்ஜ் அறையில் வெளிநாட்டுப் பயண ஏஜென்சிக்காரனின் கோலுக்காகக் காத்திருந்த முல்லைத்தீவுப் பொடியனையும், கொட்டாஞ்சேனையில் ஐந்து பேர் படுக்கும் அறையில் அடையாள அட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்த ஹட்டன் பொடியனையும் அந்த நாவலின் காற்று தொட்டுப் போகவில்லை. அதை எழுத வேண்டியது அவர் பொறுப்பும் அல்ல.

தமிழில் துப்பறியும் கதைக்கு நீண்ட வரலாறு உண்டு. பண்டித நடேச சாஸ்திரி ‘தானவன்’ எழுதியது 1894இல். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், பிறகு சுஜாதாவின் கணேஷ், வசந்த், ராஜேஷ்குமாரின் மாதநாவல்கள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரு தலைமுறையே இவற்றை வாசித்துத்தான் வளர்ந்தது. இக்கதைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது. உண்மை வெளிவந்தால் போதும், மிச்சத்தைப் பொலிஸும் கோர்ட்டும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. கணேஷ் வக்கீல் என்பதால்தான் அவன் கதைகள் நடக்கின்றன. ஈழத்தில் நம்மிடம் அந்த நம்பிக்கை இருக்கவில்லை. அதனால்தானோ என்னவோ துப்பறியும் கதையும் வேர்விடவில்லை. நாம் சாட்சியம் எழுதினோம், கவிதை எழுதினோம், தன்வரலாறு எழுதினோம். விடை தெரிந்த கேள்வியை வைத்து மர்மக்கதை எழுத முடியாதென்று நாமாகவே முடிவு கட்டிவிட்டோம். அது முடியும் என்று ஒரு சிங்கள எழுத்தாளர் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியிருக்கிறார். நமக்குப் பேய்களுக்கும் பஞ்சமில்லை. முனி இருக்கிறது, மோகினி இருக்கிறது, பிரசவ வீட்டைச் சுற்றும் கொத்தி இருக்கிறது. கொழும்புக்குக் குடிவந்த சனத்தோடு இவையும் வந்து இந்தத் தொடர்மாடிகளில் எங்கோ தங்கியிருக்கத்தான் வேண்டும்.

களமும் கண் முன்னே கிடக்கிறது. 2007 யூன் 7 விடியற்காலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளின் கதவுகளைப் பொலிஸார் தட்டினார்கள். நியாயமான காரணம் இல்லாமல் கொழும்பில் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லி 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். அடுத்த நாளே உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்து உத்தரவிட்டது. பிறகு பலர் திரும்பி வந்தார்கள். ஒரு லொட்ஜ், ஒரு பதிவேடு, பஸ்ஸில் ஏறியவர்களின் பட்டியல், திரும்பி வந்தவர்களின் பட்டியல். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பெயர் குறைகிறதென்று கண்டுபிடிக்கிற ஒரு லொட்ஜ் மனேஜரை என்னால் கற்பனை செய்ய முடிகிறது. அவருக்குத் தமிழும் சிங்களமும் தெரியும், பொலிஸ் நிலையத்தில் எல்லோரையும் தெரியும், பயமும் இருக்கிறது. அந்த அறையில் தங்கியிருந்த பொடியனின் பெயரை அவர் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லட்டும். கதை அங்கே தொடங்கிவிடும்.

ஆதாரத்துக்கும் தொலைவு போக வேண்டாம். அந்த வருடங்களில் கொழும்பில் தமிழ் வீடு ஒவ்வொன்றும் தன்னிடம் தங்கியிருந்தவர்களின் பெயர், வயது, சொந்த ஊர், வந்த காரணம் எல்லாம் எழுதிப் பொலிஸ் முத்திரை வாங்கி வைத்திருந்தது. நள்ளிரவில் சோதனைக்கு வந்தால் கதவைத் திறந்தவுடன் நீட்ட வேண்டிய கடதாசி. போர் முடிந்தும் யாருக்கும் அதைக் கிழித்து எறிய மனம் வரவில்லை. பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும் எத்தனையோ வீட்டு அலுமாரிகளில், காணி உறுதிக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் நடுவில், பிளாஸ்டிக் உறைக்குள் அது இன்றும் இருக்கிறது. எழுத நினைக்கிற இளையவர்கள் முதலில் தங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து, அந்தப் பட்டியலில் இருக்கும் பெயர்களில் யார் யார் இப்போது எங்கே என்று அம்மாவிடம் கேட்கலாம்.